மைனஸ் முப்பதும் என் ரெண்டாவது காரும்

டிஸ்கி: இது எலெக்ட்ரிக் காரைத் திட்டுற பதிவு இல்லை. நான் தினமும் ஓட்டுறதே எலெக்ட்ரிக் கார்தான். அதனால பிக்கப் ரசிகர்கள் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். உங்களுக்கும் கீழே தனியா ஒரு பகுதி ஒதுக்கி வெச்சிருக்கேன்.

போன வாரம் டொராண்டோவில் இருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். பேச்சுவாக்குல, "அடுத்த கார் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வெச்சதா பாக்கலாம்னு இருக்கேன்"னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். மனுஷன் பிடிச்சிக்கிட்டார்.

"அதெல்லாம் ஏமாத்து வேலைய்யா. பெட்ரோல் கம்பெனிக்காரன் பின்வாசல் வழியா உள்ள வர்றான், நீ போய் கதவைத் திறந்து விடுற. நார்வேக்காரன் ஓட்டலையா? உனக்கு மட்டும் என்ன?"

நண்பர் நல்லவர். ஆனா அவர் காரை நிறுத்துறது அபார்ட்மெண்டுக்குக் கீழே, சுரங்கப் பார்க்கிங்கில். அவருக்குக் குளிர்காலம்னா ஆபீஸ் வாசலில் இருந்து காருக்கு நடக்குற தூரம். நான் இருக்கிறது மனிடோபாவில், வின்னிபெக்கில் இருந்து மேற்கே 220 கிலோமீட்டர் தள்ளி, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மளிகைக்கடை, ஒரு தானியக் கிடங்கு மட்டும் இருக்கிற ஊரில். டொராண்டோவோட ஜனவரி சராசரி மைனஸ் 4, 5. வின்னிபெக்கோட ஜனவரி சராசரி மைனஸ் 16. அது சராசரிதான் சாமி. மைனஸ் 30 இங்கே செய்தியே இல்லை. அன்னிக்கும் பள்ளிக்கூடம் உண்டு, ஆபீஸ் உண்டு, ஆஸ்பத்திரி டூட்டி உண்டு.

அவர்கிட்ட போன்ல சொல்ல முடியாததை எல்லாம் இங்கே கொட்டிடறேன்.

*

முதல்ல அந்த ராத்திரி.

2024 ஜனவரி. தங்கமணியும் பொண்ணும் ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர்றாங்க. வின்னிபெக் ஏர்போர்ட்டில் கூப்பிடணும். என் காரோட பேட்டரி 65 யூனிட். (நம்ம ஈ.பி. பில்லில் வருமே, அதே யூனிட்தான்.) காகிதத்தில் போட்டிருக்கிற தூரம் 400 கிலோமீட்டர். கோடையில் அது நிஜமாவே வரும், பொய் சொல்லக் கூடாது. அன்னிக்கு வெளியே மைனஸ் 31. ஹைவேயில் நூறில் போனா, நூறு கிலோமீட்டருக்கு 30 யூனிட் குடிக்குது. கணக்குப் போட்டுக்குங்க. 400 எங்கே, 215 எங்கே!

வின்னிபெக்கில் 90 சதவீதம் ஏத்திக்கிட்டுக் கிளம்பினோம். வழியில் ஒரு ஊரில் இருபது நிமிஷம் நிறுத்தி மிச்சத்தை ஏத்திக்கலாம்னு திட்டம். ஆப்பில் அந்த சார்ஜர் பச்சையா, அழகா, "தயார்"னு காட்டுது. போய்ப் பார்த்தா ரெண்டு சார்ஜரில் ஒண்ணோட திரை செத்துப் போயிருக்கு. இன்னொண்ணோட கேபிள் குளிரில் விறைச்சுக் கம்பி மாதிரி நிக்குது. பிளக் உள்ளே போகுது, பூட்டு விழ மாட்டேங்குது. இருபத்தஞ்சு நிமிஷம் கையுறையைக் கழட்டிக் கழட்டிப் போராடினேன். விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை. ராத்திரி பத்தரை மணி. வீட்டுக்கு இன்னும் 130 கிலோமீட்டர். பேட்டரியில் சுமார் 31 யூனிட்.

ஹீட்டரை அணைச்சேன். வேகத்தை எண்பதுக்குக் குறைச்சேன். பொண்ணை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்து விட்டோம். தரையோட தரையா பனி ரோட்டைக் குறுக்கே ஊர்ந்து போகுது. பின்னாடி வர்ற லாரிக்காரன் ஒவ்வொருத்தனும் ஹார்ன் அடிச்சிட்டு ஓவர்டேக் பண்றான். கண்ணாடிக்கு உள்பக்கம் எங்க மூச்சே உறைஞ்சு வெள்ளையாப் படியுது. ஒரு கையால சுரண்டிக்கிட்டே ஓட்டினேன். தங்கமணி ஒரு வார்த்தை பேசலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அதிகம் பயந்த மௌனம் அதுதான்.

வாசலில் நிறுத்தும்போது 2 சதவீதம்.

உள்ளே போய் பொண்ணைப் படுக்க வெச்சிட்டு வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாங்க. "ஏங்க, இனிமே நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அந்தக் கார்ல நானும் ஏற மாட்டேன், குழந்தையும் ஏறாது."

இன்னி வரைக்கும் ஏறலை. அவங்க சொன்னதில் தப்பும் இல்லை.

*

இதில் என்ன நடந்ததுன்னு கொஞ்சம் பார்ப்போம். "பேட்டரி மோசம்"னு ஒத்தை வரியில் முடிக்கிற விஷயம் இல்லை இது.

ஒண்ணு, சூடு. பெட்ரோல் இஞ்சின் தான் எரிக்கிறதில் சுமார் மூணில் ஒரு பங்கைத்தான் ஓட்டமா மாத்தும். மிச்சமெல்லாம் சூடாப் போகும். கோடையில் அது வெட்டிச் செலவு. மைனஸ் 30-ல் அதே வெட்டிச் செலவுதான் நம்ம காலைச் சூடா வெச்சிருக்கு. எலெக்ட்ரிக் மோட்டார் சமர்த்துப் பிள்ளை, வீணாக்காது. அதனால சூட்டுக்கும் பேட்டரியில் இருந்தே தனியா எடுத்துக் குடுக்கணும். ஹீட் பம்ப் இருக்கேம்பீங்க. இருக்கு. மைனஸ் அஞ்சு, பத்தில் அருமையா வேலை செய்யும். குளிர் ஏற ஏற அதுவும் தளர்ந்துடும்.

ரெண்டு, பேட்டரியே குளிரில் சோம்பேறி. ஜீரோ டிகிரிக்குக் கீழே இருக்கிற லித்தியம் பேட்டரியில் வேகமா கரண்டை ஏத்தினா, உள்ளே லித்தியம் உலோகமாப் படிஞ்சு பேட்டரி கெட்டுப்போகும். அதனால கார் முதல்ல பேட்டரியைச் சூடாக்கும், அப்புறம்தான் கரண்டை உள்ளே விடும். அந்தச் சூடாக்குற கரண்டும் நம்ம காசுதான்.

மூணு, காத்து. மைனஸ் 30-ல் இருக்கிற காத்து, 25 டிகிரியில் இருக்கிற காத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல கெட்டி. ஹைவேயில் கார் அதைக் கிழிச்சுக்கிட்டுப் போகணும்.

அமெரிக்காவின் ட்ரிபிள் ஏ மோட்டார் சங்கம் 2019-ல் சோதிச்சுப் பார்த்துச் சொன்னது: மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போட்டு ஓட்டினா சராசரியா 41 சதவீதத் தூரம் குறையுது. அதுக்கப்புறம் வந்த கார்கள் தேறியிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா மைனஸ் 7 எங்க ஊரில் சட்டையை லேசாத் திறந்து விட்டுக்கிற நாள்!

இதுக்குப் பக்கா எலெக்ட்ரிக் கட்சி சொல்ற தீர்வு, "இன்னும் பெரிய பேட்டரி". 65-க்குப் பதிலா 130. நான் தினமும் வேலைக்குப் போய் வர்றது 110 கிலோமீட்டர். உச்சக் குளிரில் அதுக்கு ஆகிறது 33 யூனிட். மிச்ச 97 யூனிட்டை வருஷத்தில் இருபது தடவை வின்னிபெக் போறதுக்காக தினம் தினம் முதுகில் சுமந்துக்கிட்டு அலையணும். பட்டணத்துக்கு எப்பவாவது போறவன் தினமும் பெட்டி படுக்கையோட காய்கறி வாங்கப் போன மாதிரி. அத்தனை லித்தியம், அத்தனை நிக்கல் தோண்டி எடுத்து, என் ஒருத்தன் பயத்துக்காக. அதே 130 யூனிட்டில் 40 யூனிட் வண்டி மூணு செஞ்சிடலாம். மூணு குடும்பம் தினசரி ஓட்டத்தில் பெட்ரோலை விட்டுடும்.

*

ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு ஜெனரேட்டர் நிக்குமே, அதேதான். கரண்ட் இருக்கிற வரைக்கும் அது சும்மா கிடக்கும். போனா ஓடும். காரை ஓட்டுறது எப்பவும் எலெக்ட்ரிக் மோட்டார்தான். உள்ளே இருக்கிற சின்ன பெட்ரோல் இஞ்சினோட வேலை கரண்ட் தயாரிக்கிறது மட்டும். சாதா பிளக்-இன் ஹைப்ரிட்டில் இருந்து இதுதான் வித்தியாசம். அங்கே பெட்ரோல் இஞ்சின்தான் மாப்பிள்ளை, மோட்டார் மாப்பிள்ளைத் தோழன். பேட்டரியும் சின்னது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலோ, ஹீட்டர் போட்டாலோ இஞ்சின் முழிச்சிக்கும்.

இது புதுசும் இல்லை. நம்மூர் டீசல் ரயில் இஞ்சின் எல்லாம் இதே சித்தாந்தம்தான்: டீசல் இஞ்சின் ஜெனரேட்டரைச் சுத்தும், சக்கரத்தை மோட்டார் சுத்தும். எங்க ஊர் வழியா கோதுமை ஏத்திக்கிட்டு நீளமா ஒரு கூட்ஸ் போகும். அதை இழுக்கிறதும் டீசல்-எலெக்ட்ரிக் இஞ்சின்தான். மைனஸ் நாப்பதிலும் இழுக்குது. (ரயிலில் பெரிய பேட்டரி கிடையாது. அந்த ஒரு வித்தியாசத்தையும் நானே சொல்லிடறேன்.)

காரிலும் வந்தாச்சு. 2010 டிசம்பரில் ஷெவர்லே வோல்ட் விற்பனைக்கு வந்தது. 16 யூனிட் பேட்டரி, 56 கிலோமீட்டர் கரண்டில், அதுக்கப்புறம் பெட்ரோல் ஜெனரேட்டர். (குறிப்பிட்ட வேகத்தில் அதோட இஞ்சின் சக்கரத்துக்கும் கொஞ்சம் கை கொடுக்கும்னு நுணுக்கம் பேசுவாங்க, அது இருக்கட்டும்.) ரெண்டாம் தலைமுறை வோல்ட்டில் 18.4 யூனிட், 85 கிலோமீட்டர். அதில் ஒரு விஷயம் உண்டு: குளிர் ஒரு அளவுக்குக் கீழே போனா, பேட்டரி நிறைய இருந்தாலும் இஞ்சின் தானா ஓடி உள்ளே சூடு குடுக்கும். கலிஃபோர்னியாக்காரங்க இதைக் குறைன்னு திட்டினாங்க. எங்க ஊர்க்காரன் இதைப் பார்த்துக் கும்பிடு போடுவான். பெட்ரோல் மாசக்கணக்கில் டேங்கில் கிடந்து கெட்டுடக் கூடாதுன்னு, அதுவே கணக்கு வெச்சு எப்பவாவது இஞ்சினை ஓட்டித் தீர்க்கும். அவ்வளவு யோசிச்சுச் செஞ்ச வண்டி. 2019-ல் நிறுத்திட்டாங்க. வேலை தெரிஞ்ச ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டு, இப்ப அதே வேலைக்கு ஆள் தேடுறாங்க.

*

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

என் எலெக்ட்ரிக் காருக்கு ஏற்கனவே ஒரு ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் இருக்கு. அது தனியா, நாலு சக்கரத்தோட, ரெண்டு டன் எடையோட, 2011 மாடல் மினிவேனா கராஜில் நிக்குது.

தங்கமணியோட அந்த ஒத்தை வாக்கியத்துக்கு அப்புறம் அந்த வேனை விக்கிற பேச்சே எடுக்கலை. அவங்களுக்கு வேலை வீட்டில் இருந்தே. தினமும் ஓடுறது என் கார் மட்டும்தான். ஆனாலும் வேனுக்கு இன்ஷூரன்ஸ் கட்டறேன், ஆயில் மாத்தறேன், பனி டயர் மாட்டறேன். போன வருஷம் வேன் ஓடினது 14,000 கிலோமீட்டர். வின்னிபெக் பயணம் இருபது, குளிர்காலத்தில் குடும்பத்தோட போற வர்ற உள்ளூர் ஓட்டம் ஒரு 5,000. நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர். மொத்தம் 1,680 லிட்டர் பெட்ரோல்.

அதாவது "நூறு சதவீத எலெக்ட்ரிக்" கார் வெச்சிருக்கிற குடும்பம் வருஷத்துக்கு 1,680 லிட்டர் எரிக்குது. எந்தப் புள்ளிவிவரத்திலும் இது வராது. அரசாங்கக் கணக்கில் நான் ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கின உத்தமன்.

இதுக்குப் பதிலா 40 யூனிட் பேட்டரியும் ஜெனரேட்டரும் உள்ள ஒரே வண்டி இருந்திருந்தா? தினசரி 110 கிலோமீட்டர் கரண்டில். உள்ளூர் குடும்ப ஓட்டம் கரண்டில். வின்னிபெக் போகும்போது முதல் 130 கிலோமீட்டர் கரண்டில், மிச்சம் 90-ம் திரும்பி வர்ற 220-ம் பெட்ரோலில். ஆக ஒரு பயணத்துக்கு 310, இருபது பயணத்துக்கு 6,200 கிலோமீட்டர். நூறுக்கு 8 லிட்டர்னு வெச்சா 500 லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. கடுங்குளிர் நாளில் சூட்டுக்காக இஞ்சின் ஓடுறதுக்கு தாராளமா ஒரு நூறு லிட்டர் சேர்த்துக்குங்க. 600 லிட்டர்.

1,680 எங்கே, 600 எங்கே? எது பசுமை? நீங்களே சொல்லுங்க.

எங்க பக்கம் எலெக்ட்ரிக் கார் வெச்சிருக்கிற எனக்குத் தெரிஞ்ச எல்லா வீட்டிலும் இப்படி ஒரு "ரெண்டாவது" நிக்குது. ரெண்டாவது வெச்சுக்க வசதி இல்லாதவன் என்ன பண்றான்? எலெக்ட்ரிக் பக்கமே வர மாட்டேங்கிறான். பழைய பிக்கப்பையே இன்னும் பத்து வருஷம் ஓட்டறான். "முழுசா வா, இல்லைன்னா வராதே"ன்னு சொல்ற கொள்கையோட பலன் இதுதான்.

*

இன்னொரு கூத்து. உலகத்திலேயே காரை பிளக்கில் மாட்டிப் பழகின ஜனம் எங்க ஊர் ஜனம்தான். கலிஃபோர்னியாவுக்கு எலெக்ட்ரிக் கார் வர்றதுக்குப் பல பத்து வருஷம் முன்னாடியே.

ப்ளாக் ஹீட்டர்னு ஒண்ணு. ராத்திரி இஞ்சின் உறைஞ்சு போகாம இருக்க, காரோட மூக்கில் இருந்து ஒரு வயர் தொங்கும். அதைச் சுவத்துப் பிளக்கில் சொருகிட்டுத் தூங்கணும். நார்த் டகோட்டா கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-ல் இதுக்கு ஒரு காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு மனிடோபாவில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அபார்ட்மெண்ட்னு எங்கே போனாலும் பார்க்கிங்கில் வரிசையா பிளக் கம்பம் நிக்கும்.

அந்த 120 வோல்ட் பிளக்கில் மணிக்கு சுமார் 1.4 யூனிட் வரும். பன்னிரண்டு மணி நேரத்தில் 17 யூனிட். சேதாரம் போக 14-ன்னு வெச்சுக்கலாம். 130 யூனிட் ராட்சசனுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 40 யூனிட் வண்டிக்கு இது பாதி நாள் ஓட்டம், அதுவும் புதுசா ஒரு ஒயர் இழுக்காம! (சில இடத்தில் கரண்டை மிச்சம் பிடிக்க விட்டு விட்டுத்தான் வரும். அதை மாத்துறது ஒரு எலெக்ட்ரீஷியன் வேலை, அணை கட்டுற வேலை இல்லை.) வீட்டில் 240 வோல்ட் லைன் இழுத்துட்டா ராத்திரிக்குள்ள முழுசா நிறைஞ்சிடும்.

மனிடோபா கரண்ட்ல பெரும்பகுதி நெல்சன் ஆத்துத் தண்ணியில் இருந்து வர்றது. இந்த ஊரில் பெட்ரோலில் இருந்து கரண்டுக்கு மாறுற ஒவ்வொரு கிலோமீட்டரும் நிஜமான லாபம். நிலக்கரிக் கரண்டுன்னு யாரும் வாயைத் திறக்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில்தான் ஜனங்க பயந்துக்கிட்டு மாறாம இருக்காங்க.

*

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். சும்மா தட்டிக் கழிக்கப் போறதில்லை.

"நார்வே ஓட்டலையா?" ஓட்டுது. 2025-ல் அங்கே வித்த புதுக் காரில் 96 சதவீதம் எலெக்ட்ரிக். கைதட்டுவோம். ஆனா நார்வே வரிச்சலுகையை ஆரம்பிச்சது 1990-ல். முப்பத்தஞ்சு வருஷம் விடாம செஞ்சாங்க. ஆஸ்லோவோட ஜனவரி டொராண்டோ ஜனவரி மாதிரி. வின்னிபெக் மாதிரி இல்லை. முக்கியமா இது: நார்வே நிலப்பரப்பைப் போல மனிடோபா ரெண்டு மடங்கு. ஜனத்தொகையோ 55 லட்சத்துக்கு எதிரா 15 லட்சம். அதிலும் பாதிக்கு மேல் வின்னிபெக்கைச் சுத்தியே. வடக்கே தாம்ப்சன் போற 6-ம் நம்பர் ரோட்டில், கிராண்ட் ரேப்பிட்ஸ் தாண்டினா ஏறத்தாழ 330 கிலோமீட்டருக்கு மரமும் பனியும்தான். அந்த ரோட்டில் வாரத்துக்கு நாலு கார் வந்து நிக்கிற சார்ஜரை எந்தத் தனியாரும் லாபத்துக்கு வெக்க மாட்டான். அரசாங்கம் வெக்கணும். வெக்கட்டும், நான் வரி கட்டறேன். ஆனா அது வந்து, நம்பிக்கையா வேலை செஞ்சு, ஒண்ணு கெட்டா பக்கத்தில் இன்னொண்ணுன்னு ஆகிற வரைக்கும் நாங்க என்ன பண்றது? சார்ஜர் இருக்கிறது வேற, மைனஸ் 31-ல் ராத்திரி பத்தரைக்கு அது வேலை செய்யறது வேற. 2024 ஜனவரியில் சிகாகோவில் சார்ஜர் வாசலில் கார்கள் செத்துப்போய் வரிசை கட்டி நின்னதே, அது காடு இல்லை, பெருநகரம்!

"யாரும் பிளக்கில் போட மாட்டாங்க, பெட்ரோலிலேயே ஓட்டுவாங்க." இதுதான் அவங்க வாதத்திலேயே கனமானது. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் நிஜ ஓட்டக் கணக்கை எடுத்துச் சொன்னது: பிளக்-இன் ஹைப்ரிட்கள் ரோட்டில் விடுற கார்பன், சோதனைக்கூடக் கணக்கைவிட சராசரியா 3.5 மடங்கு. இதைப் படிச்சிட்டு எனக்கே சங்கடமா இருந்தது. ஆனா யோசிங்க. அதில் நிறைய கார்களில் பேட்டரி கையடக்கம், மோட்டார் சோப்ளாங்கி. நிறைய பேருக்குப் பெட்ரோல் செலவு கம்பெனி கார்டில் போகுது. அவன் ஏன் பிளக்கைத் தேடப் போறான்? என் காசில் பெட்ரோல் போடுற நான், அதைவிட பல மடங்கு மலிவான மனிடோபா கரண்ட் வாசலிலேயே இருக்கும்போது, ராத்திரி காரைப் பிளக்கில் மாட்டாம தூங்குவேனா? இங்கே மாட்டாம தூங்கினா காலையில் எந்தக் காரும் கிளம்பாதுங்கிறது பரம்பரைப் பாடம். இருந்தாலும் நம்பிக்கையில் விட வேண்டாம், அளந்து பார்க்கணும். அதைக் கடைசியில் சொல்றேன்.

"ரெண்டு மெஷின், ரெண்டு மடங்கு ரிப்பேர்." உண்மை. ஆயில் மாத்தணும், சைலன்சர் துருப்பிடிக்கும். ஆனா ஒப்பிட வேண்டியது ஒரு சுத்த எலெக்ட்ரிக் காரோட இல்லை. கராஜில் நிக்கிற ரெண்டு காரோட.

"பனிப்புயலில் மாட்டிக்கிட்டா எலெக்ட்ரிக்தான் பத்திரம், புகை கிடையாது." இதையும் ஒத்துக்கறேன். முழு பேட்டரியோட மாட்டினா ராத்திரி முழுக்கச் சூடா உட்கார்ந்திருக்கலாம். பெட்ரோல் கார்ல புகைக்குழாயைப் பனி மூடினா உயிருக்கே ஆபத்து. ஆனா 2 சதவீதத்தோட மாட்டினா? எங்க எல்லார் காரிலும் ஒரு கம்பளி, ஒரு மண்வெட்டி, காபி டப்பாவுக்குள்ள ஒரு மெழுகுவர்த்தி இருக்கும். சினிமாவுக்கு இல்லைங்க, நிஜமாவே உயிர் பிழைக்க. வழியில் நின்ன பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு கேனில் அஞ்சு லிட்டர் கொண்டுவந்து ஊத்துவார். கரண்டை எந்தக் கேனில் கொண்டு வர்றது?

*

இப்ப பிக்கப் ரசிகர்கள். ரொம்ப நேரமாச் சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க, தெரியுது.

உங்க பஜனை, "எலெக்ட்ரிக் எல்லாம் டவுன்காரன் பொம்மை, குளிருக்கு ஆகாது". என் கார் மைனஸ் 38-ல் ஒரு நாள் கூடக் கிளம்ப மாட்டேன்னு சொன்னதில்லை. அதே காலையில் உங்க டீசல் பிக்கப் எத்தனை தடவை இருமிச்சு, எத்தனை பேர் ஜம்பர் கேபிளோட ஓடி வந்தாங்கன்னு ஊருக்கே தெரியும். குளிரில் எலெக்ட்ரிக் ஓடும். தூரம்தான் குறையும். இந்த ரெண்டையும் வேணும்னே குழப்பாதீங்க. தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டுறதுக்கு, பக்கத்து மாகாணத்தில் இருந்து எண்ணெய் வாங்கி எரிச்சிக்கிட்டு, நம்ம ஆத்துக் கரண்டைப் பழிக்கிறதில் என்ன பெருமை?

கார் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. திடீர்னு எல்லாருக்கும் ஞானம் வந்திருக்கு. 2023 நவம்பரில் ராம் ஒரு ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் பிக்கப்பை அறிவிச்சது. 2024 அக்டோபரில் ஸ்கௌட் ரெண்டு வண்டியைக் காட்டினது. முன்பதிவில் 80 சதவீதத்துக்கு மேல் ஜெனரேட்டர் வெச்ச வண்டிக்குத்தான்னு அந்த கம்பெனியே பிறகு சொன்னது. 2025 டிசம்பரில் ஃபோர்டு தன் முழு எலெக்ட்ரிக் எஃப்-150 லைட்னிங்கை நிறுத்திட்டு, அடுத்தது ரேஞ்ச் எக்ஸ்டெண்டரோட வரும்னு அறிவிச்சது. ரொம்ப சந்தோஷம். ஆனா ராம் சொன்ன வண்டியைப் பாருங்க: 92 யூனிட் பேட்டரி, கூடவே 3.6 லிட்டர் வி6 இஞ்சின்! மூட்டையையும் சுமந்து, சுமைகூலியும் குடுக்கிற கதை. எல்லாமே பிரம்மாண்டம். ராத்திரி ஷிஃப்டுக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் போற நர்ஸம்மாவுக்கு எதுக்கு இத்தனை பெரிய வண்டி? அவங்களுக்கு வேண்டியது வோல்ட்டோட தங்கச்சி.

ரொம்பச் சின்னதும் உதவாது. பி.எம்.டபிள்யூ ஐ3-ல் 647 சி.சி. இஞ்சினும் ஒன்பது லிட்டர் டேங்கும் வெச்சாங்க. அமெரிக்காவில் வித்த வண்டி, பேட்டரி தீர்ந்த நேரத்தில் நீளமான மேட்டில் ஏறும்போது வேகம் குறையுதுன்னு புகார் வந்தது. நடுவில் இருக்கு சரியான அளவு. சீனாவில் லீ ஆட்டோ 2024-ல் ஐந்து லட்சம் கார் வித்தது, பெரும்பாலும் இந்த ரகம்தான். 2025-ல் விற்பனை சரிஞ்சது. என் கணிப்பு, அங்கே சார்ஜர் பெருகப் பெருக ஜனங்க ஜெனரேட்டரை விட்டு நகர்றாங்க. அது தோல்வின்னு எனக்குத் தோணலை. ஆத்தைக் கடந்தவன் பாலத்திலேயே குடியிருக்க மாட்டான்.

*

நான் கேக்கிறது நாலே நாலு.

1) ஒவ்வொரு எலெக்ட்ரிக் வண்டியிலும், ஜெனரேட்டர் இருந்தாலும் இல்லாட்டியும், மைனஸ் 20-ல் ஹீட்டர் போட்டு ஹைவேயில் எவ்வளவு தூரம்னு கண்ணாடியில் ஒட்டி விக்கணும். கோடைக் கணக்கை வெச்சு எங்களை ஏமாத்தாதீங்க.

2) அந்த மைனஸ் 20-ல் நூறு கிலோமீட்டராவது கரண்டில் ஓடாத வண்டிக்கு சலுகை கிடையாது. பேருக்குப் பிளக் வெச்ச பெட்ரோல் கார் இதிலேயே வடிகட்டப்படும்.

3) சலுகையை வாங்கும்போது மொத்தமாக் குடுக்காதீங்க. வருஷா வருஷம் கரண்டில் ஓடின கிலோமீட்டரைக் கார் தானே கணக்கு வெச்சிருக்கு. அதைப் பார்த்துக் குடுங்க. ஐரோப்பாவில் 2021-ல் இருந்து புதுக் கார்கள் எரிபொருள் கணக்கைத் தானே பதிவு பண்ணுது, அதனாலதான் அந்த 3.5 மடங்கு வெளியே வந்தது. பிளக்கில் போடாதவனுக்குக் காசு இல்லை.

4) சார்ஜர் வேலை ஒரு நாளும் நிக்கக் கூடாது. பாலம் இருக்கேன்னு ரோடு போடுறதை நிறுத்தினா, நண்பர் சொன்ன மாதிரி அது பின்வாசல்தான்.

கனடா அரசு 2023 டிசம்பரில் 2035-க்குள் புதுக் கார் விற்பனை நூறு சதவீதம் மாசில்லா வண்டின்னு விதி போட்டது. 2025 செப்டம்பரில் அதில் 2026-க்கான இலக்கை நிறுத்தி வெச்சது. முதல்ல டொராண்டோவுக்குத் தெச்ச சட்டையை எங்களுக்கும் மாட்டப் பார்த்தாங்க, பத்தலைன்னதும் சட்டையே வேண்டாம்னுட்டாங்க. அளவெடுத்துத் தெக்கலாமேன்னு யாருக்கும் தோணலை.

நண்பரே, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். வர்ற ஜனவரியில் ஒரு வாரம் எங்க வீட்டுக்கு வாங்க. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் என் பொறுப்பு. வின்னிபெக் ஏர்போர்ட்டுக்கு நானே வந்து கூப்பிடறேன், என் எலெக்ட்ரிக் கார்லயே. தங்கமணி வர மாட்டாங்க. 130 கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது ஹீட்டரை அணைக்கணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க, நான் அதுபடி ஓட்டறேன்.

பி.கு.: பதிவை வாசிச்சுக் காட்டினேன். தங்கமணியோட விமர்சனம்: "இத்தனை பக்கம் எழுதினதுக்கு, வேனுக்கு பேட்டரி மாத்தியிருக்கலாம். காலையில ஸ்டார்ட் ஆகல." ஙே!